எந்தக் குழி?

தடகளப் போட்டிகளுக்கு நடுவராகப் பெயர் கொடுக்கிற யாரும் ஈட்டி எறிதலைக் கேட்டு வாங்குவதில்லை. துப்பாக்கி சுட்டு ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிற வேலைக்கு அடிதடி. முடிவுக்கோட்டுக்குப் பந்தல் உண்டு, நாற்காலி உண்டு, கேட்டால் சாயாவும் வரும். ஈட்டி விழுகிற பக்கம் நிற்பவனுக்கு வெயில் மட்டும்தான். மைதானத்தின் கடைசிக் கோடி அது. அதுவரை எந்தச் சாயாக்காரனும் நடந்து வந்து நான் பார்த்ததில்லை. நானும் ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. முதல் தடவை ஆள் குறைந்தது, என் தலையில் கட்டிவிட்டார்கள். அதன்பிறகு முழங்கால்கள் ‘போதும்’ என்று சொல்லும்வரை அங்கேயே நின்றேன்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். விதிகளை நான் ஒப்பிக்கப் போவதில்லை. அதைப் படித்துப் பரீட்சை எழுதித்தானே உள்ளே வந்திருக்கிறீர்கள். ஈட்டியின் உலோக முனை முதலில் மண்ணைத் தொட வேண்டும், இரண்டு பக்கக் கோடுகளுக்கு உள்ளே தொட வேண்டும், தொட்ட இடத்தில் ஆணி ஊன்றி அங்கிருந்து அளக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். இதில் மனிதனுக்கு எங்கே கழுத்தில் கத்தி வரும் என்று கேட்பீர்கள். வரும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

போட்டிக்குப் போட்டி வேலை மாறும். பள்ளிக்கூடப் போட்டிகளில் நீங்கள் அளப்பது குறைவு, ஆறுதல் சொல்வது அதிகம். பம்பாய் பாண்டுப்பில் ஒரு தடவை எட்டாம் வகுப்புப் பையன் எறிந்த ஈட்டி வால் முதலில் தரையில் பட்டு விழுந்தது. சிவப்புக் கொடி காட்டினேன். அவன் அம்மா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். “ஈட்டி உள்ளதான கெடக்கு, வெளியவா போச்சு?” என்று கேட்டாள். முனை, வால் என்று நான் விளக்க விளக்க அவள் கோபம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பையன்தான் வெட்கப்பட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு போனான். அந்த மட்டத்தில் நீங்கள் தோற்றுப்போனால் ஒன்றும் குடி முழுகாது.

பெரிய போட்டிகளில் டேப்பே கிடையாது. முக்காலி மேல் ஒரு கருவி இருக்கும். விழுந்த இடத்தில் நீங்கள் கண்ணாடியைப் பிடித்தால் அது தூரத்தைச் சொல்லிவிடும். கருவி வந்துவிட்டது, இனிமேல் நம் பிழைப்பு சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி ஒரு போட்டியில் என்னோடு நின்ற இளைஞர் கண்ணாடியைப் பக்கத்துக் குழியில் வைத்துவிட்டார். கருவி தப்பாகச் சொல்லவில்லை. தப்பான குழியின் தூரத்தைச் சரியாகச் சொன்னது. கேமரா இருந்ததால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டார்கள். கேமரா இல்லாத இடத்தில் என்ன ஆகும்? அந்தக் கதைதான் இது.

மாநில அளவுப் போட்டி அது, பெண்கள் பிரிவு. மழைக்கு முந்தைய வெயில். காலையில் டேங்கர் வந்து தரையை நனைத்துவிட்டுப் போனது, மத்தியானத்துக்குள் காய்ந்து இறுகிவிட்டது. விழுகிற இடத்தில் இரண்டு பேர் நின்றோம். என்னோடு நின்றவர் மாட்டுங்காவில் குடியிருந்த தமிழர், நாங்கள் எல்லோரும் மாட்டுங்கா மேடம் என்றுதான் கூப்பிடுவோம். வங்கியில் அதிகாரியாக இருந்தவர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வருவார், குடையை மட்டும் எடுத்து வர மாட்டார், ‘கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கணும் சார்’ என்பார். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. வலது பக்கக் கோட்டை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஈட்டி உள்ளேயா வெளியேயா என்பது அவர் பொறுப்பு. முனை விழுந்த இடத்தை நான் பார்த்து, போய் ஆணி ஊன்ற வேண்டும்.

எறிந்தவர்களில் தாராவிப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளையும் அவள் அப்பாவையும் எனக்கு முன்பே முகம் தெரியும். அவர் பெல்ட் தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் அப்போது தாராவிக்குப் பக்கத்தில் சுனாபட்டியில் குடியிருந்தேன். காலையில் நடக்கப் போகிற மைதானத்தில் அவர்கள் பயிற்சி நடக்கும். இருந்தது ஒரே ஒரு ஈட்டி, அதுவும் கோச் யாரிடமோ கேட்டு வாங்கியது. ஆகவே மகள் இந்தக் கோடியில் நின்று எறிவாள், அப்பா அந்தக் கோடியில் நிற்பார். ஈட்டி விழுந்ததோ இல்லையோ, ஓடிப் போய்ப் பிடுங்குவார், மண்ணைத் துடைப்பார், தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி வருவார். பட்டறைக்குப் போகும் நேரம் வரை இதே வேலை. மனிதர் அலுத்துக்கொண்டு ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

அந்தப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்குக் கிடைக்கிற சான்றிதழை வைத்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு உண்டு. தாராவிப் பெண்ணுக்கு அதுதான் கடைசி வருடம். இதை எனக்கு யாரும் காதில் ஓதவில்லை. அவளுடைய கோச் காலையிலிருந்து மைதானம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நடுவர் காதில் விழட்டும் என்றுதான் சிலர் இப்படிப் பேசுவார்கள். உங்கள் காதிலும் விழும். காதைப் பொத்திக்கொள்ள முடியாது, கேட்டுத்தான் தொலைக்க வேண்டும்.

கடைசிச் சுற்று வந்தபோது அவள் நான்காவது இடத்தில் இருந்தாள். மூன்றாவதாக இருந்தவள் நாசிக் பக்கத்துப் பெண். துணைக்கு யாரும் வரவில்லை. எறிந்து முடித்துவிட்டு ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தியின் சிறந்த எறிதலையும் காட்ட எண் எழுதிய குச்சி ஒன்றை மண்ணில் நட்டு வைப்பது அந்தப் போட்டியில் வழக்கம். நாசிக் பெண்ணின் குச்சி வலது பக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

தாராவிப் பெண் முழங்கையில் பட்டை கட்டியிருந்தாள். ஓடி வந்து எறிந்தாள். ஈட்டி நல்ல உயரத்தில் வந்து வலது பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. நான் இடது பக்கம் நின்றிருந்தேன். முனை குத்தியது தெரிந்தது, அந்தக் குச்சியை ஒட்டி விழுந்ததும் தெரிந்தது. குச்சிக்கு இப்பாலா அப்பாலா என்பது அங்கிருந்து தெரியாது. அது போய்ப் பார்த்தால் தெரிகிற விஷயம். மேடம் கோட்டைப் பார்த்துவிட்டு ‘உள்ளே’ என்று கை காட்டினார். நான் நடக்கத் தொடங்கினேன். பாதி தூரம் போவதற்குள் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் குனிந்து உள்ளே வந்தார், ஓடினார், ஈட்டியைப் பிடுங்கினார், சட்டை நுனியால் மண்ணைத் துடைத்தார், முனையைத் தரைப் பக்கம் பிடித்தபடி என்னிடம் கொண்டு வந்து நீட்டினார்.

“இந்தாங்க அண்ணாச்சி. நல்ல எறி, இல்லியா?”

வாயெல்லாம் பல்லாக நின்றார் அவள் அப்பா. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் ஈட்டியை என் கையில் விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

குச்சிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். குச்சிக்கு இப்பால் ஒரு குழி. அப்பால் ஒரு குழி. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. இரண்டும் புதுசு. மத்தியானம் முழுக்க எத்தனையோ பேர் எறிந்த தரை, சிறந்த எறிதலுக்குத்தான் குச்சி, மற்ற குழிகளை யாரும் அடையாளம் வைக்கவில்லை. கிட்டத்துக் குழி என்றால் அவள் நான்காவது. தூரத்துக் குழி என்றால் மூன்றாவது, கையில் சான்றிதழ், வேலை. முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டையும் பார்த்தேன். சாய்வு ஒரே மாதிரி, உதிர்ந்த மண் ஒரே மாதிரி. எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தும் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கோச் ஓடி வந்துவிட்டார். “சார், இதுதான் சார். நான் அங்கேர்ந்தே பாத்தேன். தாண்டித்தான் விழுந்துச்சு. ஆணிய வைங்க சார்” என்றார். அறுபது எழுபது மீட்டருக்கு அப்பாலிருந்து அவர் எதைப் பார்த்திருப்பார் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் குரலை இறக்கி, “நம்ம புள்ள சார்” என்றார். அந்த ‘நம்ம’ இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

“மேடம், நீங்க என்ன பாத்தீங்க?” என்று கேட்டேன்.

“லைனுக்கு உள்ள விழுந்தது. அது சத்தியம். குழி எதுன்னு கேட்டா எனக்குத் தெரியலை சார். நான் லைனைத்தானே பாத்துண்டிருந்தேன்” என்றார். பிறகு அவரே, “அவரைக் கேட்டுட்டா என்ன? பிடுங்கினவர் அவர்தானே, அவருக்குத் தெரியாம இருக்குமா?” என்றார்.

நியாயமான யோசனைதான். அந்த மனிதர் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கேட்டால் சொல்லிவிடுவார் என்றுகூடத் தோன்றியது. நான் கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக் குழி என்று அவர் சொன்னால், அவர் அப்பா, யார் நம்புவார்கள்? கிட்டத்துக் குழி என்று சொன்னால் உடனே எல்லோரும் நம்புவோம், அவர் மகளின் வேலையை அவர் வாயாலேயே பறித்ததாகிவிடும். அதோடு அவர் வீட்டுக்குப் போய், அந்த மகள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். தீர்மானிக்க வேண்டியவன் நான். எனக்குத் தெரியவில்லை என்பதற்காக அந்தச் சுமையைத் தூக்கி அவர் தலையில் வைப்பது அயோக்கியத்தனம் என்று பட்டது. “அவரைக் கேக்க வேண்டாம் மேடம்” என்றேன். அவர் தலையசைத்தார்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நாசிக் பெண் வந்து நின்றிருந்தாள். துண்டு தோளில் கிடந்தது. எங்கள் வாயை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோச், மேடம், அந்த அப்பா, நான், நான்கு பேரும் அவளுடைய குச்சியைச் சுற்றி நின்றுகொண்டு தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய மூன்றாம் இடத்தைப் பற்றிய பேச்சு, அவளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. என் உடம்பு கூசிவிட்டது. பம்பாயில் நாம் இதைத் தினமும் செய்கிறோம். ரயிலில், ஆபீசில், கடையில், நம்மவர் ஒருவரைப் பார்த்தால் போதும், பக்கத்தில் நிற்பவரை மறந்துவிடுகிறோம். மற்ற இடத்தில் அது பாசம். நடுவர் செய்தால் அது திருட்டு மாதிரிதான் தெரியும், திருடாவிட்டாலும்.

“அப் ஸப் ஹிந்தி மே போலியே”, இனி எல்லோரும் ஹிந்தியில் பேசுங்கள் என்றேன் உரக்க. பிறகு அவளிடம் திரும்பி, நடந்தது முழுவதையும் ஹிந்தியில் சொன்னேன். இரண்டு குழிகளையும் காட்டினேன். எது என்று எனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன். கோச் முகம் சுருங்கிப் போனது. அந்தப் பெண் ஒன்றும் வாதாடவில்லை. “டீக் ஹை, ஸர்”, சரி என்று சொல்லிவிட்டுத் தன் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைமை நடுவர் வந்தார். மேடையில் பரிசு கொடுக்கப் பெரிய மனிதர் வந்து உட்கார்ந்துவிட்டார், ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். “அப்பனே வந்து பிடுங்கினான் என்றால் அவள் எறிந்தது கணக்கில் இல்லை, எழுதி முடியுங்கள்” என்று ஹிந்தியில் சொன்னார். கோச் ஒரு பக்கம் ‘தூரத்துக் குழி’ என்கிறார், இவர் ஒரு பக்கம் ‘எறிதலே இல்லை’ என்கிறார். இரண்டுமே எனக்குச் சுலபம். ஆணியை ஊன்றினால் நம்மவர்கள் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். எறிதலே இல்லை என்று எழுதிவிட்டால் நேர்மையானவன் என்று பெயர் வாங்கலாம். ஆனால் அவள் என்ன தப்பு செய்தாள்? கோட்டை மிதிக்கவில்லை, முனை குத்தியது, உள்ளே விழுந்தது. கயிற்றைத் தாண்டி ஆள் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை, அவள் வேலை இல்லை. எறிந்தவரின் கையில் இல்லாத காரணத்தால் எறிதலைப் பதிவு செய்ய முடியாமல் போனால், இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். “உங்கள் பொறுப்பு. நான் கையெழுத்துப் போடுகிறேன்” என்றார். என் பொறுப்புத்தான் என்றேன்.

தாராவிப் பெண்ணைக் கூப்பிட்டு ஹிந்தியிலேயே சொன்னபோது அவளும் ஹிந்தியில் கேட்டாள்: “ஸர், ஓ தூர்வாலா நஹீ ஹை க்யா?” தூரத்துக் குழி இல்லையா என்று. தெரியவில்லை என்றேன். அவள் முழங்கைப் பட்டையை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்பாவைக் கயிற்றுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றார். அவள் எறிந்தாள். இந்தத் தடவை நான் ஓடினேன், அந்த வயதிலும் ஓடினேன். ஆணி ஊன்றி, டேப் இழுத்து அளந்தோம். குச்சிக்கு ஒரு சாண் இப்பால்.

தூரத்தைச் சத்தமாக வாசித்தேன். எறிதல் செல்லும் என்று வெள்ளைக் கொடி. நான்காம் இடம். நாசிக் பெண் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதாள். தாராவிப் பெண் அழவில்லை, ஈட்டியைத் துடைத்து உறையில் போட்டுக் கட்டினாள். அவள் அப்பாதான் என்னிடம் வந்தார்.

“எம்புட்டு அண்ணாச்சி?”

சொன்னேன்.

“அப்ப இல்லியா?”

“இல்லை.”

“சரி” என்றார். பட்டறையில் யாரோ சொன்ன வேலையைக் கேட்டுக்கொண்டவர் மாதிரி, “சரி, சரி” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. நல்ல முடிவு எடுத்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். கோச் அதன்பின் என்னோடு பேசுவதில்லை. தாராவியில் ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு பந்திக்குப் போனார். ‘நம்ம ஆளே நம்மளக் கவுத்துட்டான்’ என்று பேச்சு ஓடியதும் காதில் விழுந்தது. பதில் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

சில வருடம் கழித்து சுனாபட்டி ஸ்டேஷனில் அந்த அப்பாவைப் பார்த்தேன். நான் நடுவர் வேலையை விட்டுவிட்டிருந்தேன். அவருக்கு முடியெல்லாம் நரைத்திருந்தது. வாஷிக்குப் போகிறேன் என்றார். மகள் அங்கே ஒரு கம்பெனியில் பில் போடுகிற வேலையில் இருக்கிறாளாம், அங்கேயே கட்டிக் கொடுத்தாயிற்று, ஒரு குழந்தை. பெஞ்சில் பக்கத்தில் உட்காரச் சொல்லி இடம் விட்டார்.

கொஞ்ச நேரம் ரயில் பேச்சு, விலைவாசிப் பேச்சு. பிறகு, “அண்ணாச்சி, அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். “நானும் பொறவு யோசிச்சுப் பாத்தேன். நீங்க கேக்காம விட்டதுதான் நல்லதுன்னு எனக்கும் பட்டுது” என்றார். “கேட்டிருந்தா அந்தப் பதட்டத்துல நான் என்னத்தச் சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல.”

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்த விஷயம். இனிமேல் அவருக்கு அதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. “இப்ப கேக்கேன். எந்தக் குழி?” என்றேன்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். “தூரத்துக் குழிதான் அண்ணாச்சி. அந்தக் குச்சியத் தாண்டிக் கால வச்சுத்தான் பிடுங்குனேன்.”

நம்பினேன். விதியை இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அன்றைக்குத் திரும்பவும் அதே இடத்தில் நிறுத்தினாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன். எடுத்துவிட்டு இதே மாதிரி உட்கார்ந்திருப்பேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அவகிட்ட மட்டும் சொல்லிராதிய. கிட்டத்துக் குழின்னுதான் அவ நெனச்சுக்கிட்டு இருக்கா. நாந்தான் அப்படிச் சொல்லி வச்சிருக்கேன். எங்கப்பா பிடுங்குனதுனால ஒண்ணும் கெட்டுப் போகல, என் கைக்குத்தான் வலு பத்தலன்னு சொல்லுதா. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

வாஷி ரயில் வந்தது. மகளுக்கு வாங்கியிருந்த மாம்பழப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். சொல்ல மாட்டேன் என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னேன். அதனால்தான் இதில் யார் பெயரும் இல்லை. ஊரையும் வேலையையும்கூட அங்கங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அப்படியும் உங்களில் யாராவது ஆளைக் கண்டுபிடித்துவிட்டால், தயவுசெய்து உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.